ஆட்டம் முடிந்த பிறகு – 9: தோற்றவருக்கு ஒரு பச்சைக் கார்

1969 மே 5. லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய இங்கிள்வுட்டில் ‘ஃபோரம்’ அரங்கம். கூரையில் கட்டிய வலைகளுக்குள் ஆயிரக்கணக்கான பலூன்கள் காத்திருந்தன. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் லேக்கர்ஸ் அணியின் முதலாளி ஜாக் கென்ட் குக் வெற்றி விழாவுக்கான ஏற்பாடுகளை முடித்துவிட்டார். லேக்கர்ஸ் ஜெயித்ததும் பலூன்கள் எப்போது விழும், பாண்டு வாத்தியக் குழு என்ன வாசிக்கும் என்று தாளில் அச்சடித்து விநியோகித்தும் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போவதற்கு முன்பே பந்தல்கால் நட்ட கதை. அந்தத் தாள்களில் ஒன்று எதிரணியான பாஸ்டன் செல்டிக்ஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த பில் ரஸ்ஸலுக்கு அதற்குமேல் தன் ஆட்களை உசுப்பேற்ற வேறெதுவும் தேவைப்படவில்லை.

108–106. செல்டிக்ஸ் ஜெயித்தது. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன.

தோற்ற லேக்கர்ஸ் அணியில் ஒருவர், தொடைத் தசை பிடித்துக்கொண்ட நிலையிலும், அன்று 42 புள்ளிகள் எடுத்தார். 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் வேறு. பெயர் ஜெர்ரி வெஸ்ட். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை என்.பி.ஏ. அந்த ஆண்டுதான் முதன்முதலாக அறிமுகம் செய்திருந்தது. அதை வெஸ்டுக்கே கொடுத்தார்கள். தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். 2003-ல் சச்சினும் 2023-ல் கோலியும் உலகக் கோப்பையைத் தவறவிட்டு, தொடர் நாயகன் விருதோடு வெறுமையாக நின்ற காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். வெஸ்டுக்கு விருதோடு ஒரு டாட்ஜ் சார்ஜர் காரும் பரிசு. கொடுத்த காரின் நிறம் பச்சை. அதாவது செல்டிக்ஸின் நிறம்.

சென்ற வாரங்களில் நாம் பார்த்தவர்களில் பலர், ஓய்வு பெற்றபின் பெயரை வைத்தே நாற்காலி வாங்கியவர்கள். வெஸ்டின் கதை வேறு. ஆடியபோது 14 ஆண்டுகளில் ஒரே ஒரு பட்டம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகோ, அவர் கை வைத்த அணிகள் வரிசையாகப் பட்டம் வென்றன. இது எப்படி நடந்தது என்பதற்கு, தோல்வி அவரைப் பட்டை தீட்டியது என்று ஒரு சுலபமான விளக்கம் அமெரிக்காவில் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெஸ்ட் பிறந்தது 1938-ல், மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், செல்யான் என்ற சின்ன ஊரில். அப்பா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். பிள்ளைகளைக் கண்மண் தெரியாமல் அடிப்பவர். ஒரு கட்டத்தில், இனி அடித்தால் சும்மா இருக்க மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கியதாக வெஸ்ட் 2011-ல் வெளியான தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் கும்பிட்ட அண்ணன் டேவிட் 1951-ல் கொரியப் போரில் இறந்தார். வெஸ்டுக்கு அப்போது 13 வயது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கொட்டகைச் சுவரில் ஒரு வளையத்தை அடித்து வைத்திருந்தார். மழையோ சேறோ, அந்தப் பையன் நாள் முழுக்க அங்கேயே தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான்.

1956-ல் ஈஸ்ட் பேங்க் என்ற தன் பள்ளிக்கு மாநிலக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதன்பின் ஆண்டுக்கு ஒரு நாள் அந்தப் பள்ளி தன் பெயரை ‘வெஸ்ட் பேங்க்’ என்று மாற்றிக்கொள்ளும். 1999-ல் பள்ளி மூடப்படும்வரை இந்த வழக்கம் இருந்தது. 1959-ல் கல்லூரி அணிகளின் தேசிய இறுதி ஆட்டத்தில் கலிபோர்னியாவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி, 71–70. அங்கேயும் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்றவருக்குத்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். அதே ஆண்டு லேக்கர்ஸ் அணி மினியாபோலிஸை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது, வெஸ்டும் அதில் சேர்ந்தார்.

அணியில் அவருக்கு முன்பே ஒரு நட்சத்திரம் இருந்தார். எல்ஜின் பெய்லர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கட்டுரையில் பாதி அவருடையது.

1962, 63, 65, 66, 68, 69. இந்த ஆறு ஆண்டுகளும் லேக்கர்ஸ் இறுதித் தொடருக்குப் போனது, ஆறிலும் செல்டிக்ஸிடம் தோற்றது. 1970-ல் நியூயார்க் நிக்ஸிடம். அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் கடைசி நொடியில், ஏறக்குறைய 60 அடி தூரத்திலிருந்து வெஸ்ட் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. ஆட்டம் சமன். இன்றைய விதிப்படி அதற்கு மூன்று புள்ளி, லேக்கர்ஸ் ஜெயித்திருக்கும். மூன்று புள்ளி விதி என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979-ல். அன்று அது இரண்டு புள்ளிதான். கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் தோற்றது.

ஒருவழியாக 1972-ல் பட்டம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது, அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த இறுதித் தொடரில் வெஸ்ட் மோசமாக ஆடினார். நன்றாக ஆடிய ஆண்டுகளில் எல்லாம் கிடைக்காதது, சொதப்பிய ஆண்டில் கிடைத்தது. அதை அவரால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. பெய்லருக்கு அதுவும் இல்லை. முழங்கால் ஒத்துழைக்காமல், பருவம் தொடங்கி ஒன்பது ஆட்டங்களுக்குள் அவர் ஓய்வை அறிவித்தார். அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்துதான் அந்த 33 வெற்றி வரிசை ஆரம்பம். எட்டு இறுதித் தொடர், எட்டுத் தோல்வி என்பதோடு பெய்லரின் கணக்கு முடிந்தது.

வெஸ்ட் 1974-ல் சம்பளத் தகராறில் குக்குடன் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். மொத்தம் 25,192 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 27. மூக்கு குறைந்தது ஒன்பது முறை உடைந்திருந்தது. தி.நகர் நடைபாதையில் விற்கும் கையில்லாத பனியனில் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வெள்ளை உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். அது வெஸ்டின் புகைப்படத்தை வைத்து ஆலன் சீகல் 1969-ல் வரைந்த என்.பி.ஏ. முத்திரை. வரைந்தவரே அதைச் சொல்லிவிட்டார். என்.பி.ஏ. மட்டும் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டதில்லை.

1976 முதல் மூன்று ஆண்டுகள் லேக்கர்ஸுக்குப் பயிற்சியாளர். அது அவருக்கு ஒத்துவரவில்லை. தனக்கு இயல்பாக வந்தது ஏன் இந்தப் பையன்களுக்கு வரவில்லை என்ற எரிச்சல், பெரிய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளராகும்போது வழக்கமாக வரும் நோய். பிறகு சில காலம் ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் ஸ்கவுட் வேலை. இதில்தான் அவருடைய கண் எல்லோருக்கும் தெரிய வந்தது. 1979-ல் அணியை வாங்கியிருந்த ஜெர்ரி பஸ், 1982-ல் அவரை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்.

என்.பி.ஏ.வில் ஜெனரல் மேனேஜரின் வேலை என்ன? யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது, இவ்வளவுதான். ஒவ்வொரு ஜூனிலும் ‘டிராஃப்ட்’ நடக்கும். புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் வரிசை முறையில் பிரித்துக்கொள்ளும். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை. அதனால் ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணிக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். லேக்கர்ஸ் அப்படிப்பட்ட அணி. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தே வெஸ்ட் 1985-ல் 23-வது ஆளாக ஏ.சி. கிரீனையும், 1989-ல் 26-வது ஆளாக யூகோஸ்லாவியாவின் விளாடே டிவாட்ஸையும் எடுத்தார். ஐரோப்பாவிலிருந்து ஆள் எடுப்பதை அன்று அமெரிக்க அணிகள் பெரும்பாலும் சூதாட்டமாகவே பார்த்தன.

அதற்கும் முன்னால், 1983-ல், ஒரு காரியம் செய்தார். நார்ம் நிக்ஸன் அணியில் எல்லோருக்கும் பிடித்தமானவர், இரண்டு பட்டங்கள் வென்ற அணியின் முக்கியத் தூண். அவரை சான் டியேகோ கிளிப்பர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பைரன் ஸ்காட் என்ற புதுப் பையனை வாங்கினார். ஓய்வறையில் கொந்தளிப்பு. வந்த பையனிடம் சக ஆட்டக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேஜிக் ஜான்சன் பந்தைக் கையில் வைத்திருக்கும் அணியில், அதே வேலையைச் செய்யும் இன்னொருவர் எதற்கு, தூரத்திலிருந்து வளையத்துக்குள் போடத் தெரிந்தவர்தான் வேண்டும் என்பது வெஸ்டின் கணக்கு. 1985, 87, 88 ஆகிய மூன்று பட்டங்களிலும் ஸ்காட் இருந்தார். 1985-ல் வீழ்ந்தது செல்டிக்ஸ். இறுதித் தொடரில் எட்டு முறை அவர்களிடம் தோற்ற பிறகு, லேக்கர்ஸுக்கு அதுதான் முதல் வெற்றி.

ஆனால் வெஸ்டின் தனித்திறமை அவர் செய்த பேரங்களில் மட்டும் இல்லை, செய்யவிடாத பேரங்களிலும் இருக்கிறது. 1986-ல் முதலாளி பஸ்ஸுக்கு டல்லாஸ் அணியின் மார்க் அகுயர் மீது ஆசை வந்தது. அவர் மேஜிக்கின் நெருங்கிய நண்பரும்கூட. பதிலுக்கு ஜேம்ஸ் வர்தியைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு முற்றிவிட்டது. வெஸ்ட் குறுக்கே நின்று மறித்தார். இரண்டே ஆண்டில், 1988 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், வர்தி 36 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் எடுத்துப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

இந்த மாதிரி வேலைக்குச் செய்தித்தாளில் புள்ளிவிவரப் பட்டியல் கிடையாது. நடக்காத ஒன்றுக்கு யார் கைதட்டுவார்கள்?

இனி 1996-க்கு வருவோம். இதை வேகமாகத் தாண்டிப் போக முடியாது.

மேஜிக் போய்விட்டார், கரீம் அப்துல் ஜப்பாரும் போய்விட்டார். 1988-க்குப் பிறகு பட்டம் இல்லை. ஆர்லாண்டோ அணியின் ராட்சசன் ஷக்கீல் ஓ’நீலின் ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிகிறது. அதே நேரத்தில் ஃபிலடெல்பியா பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்கே போகாமல் நேராக என்.பி.ஏ.வுக்கு வருகிறேன் என்று ஒரு 17 வயதுப் பையன் நிற்கிறான். கோபி பிரையன்ட்.

இங்கிள்வுட்டில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில் வெஸ்ட் அவனைச் சோதித்துப் பார்த்தார். எதிரே நிறுத்தியது மைக்கேல் கூப்பரை. 1987-ல் என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். ஓய்வு பெற்று 40 வயதாகிவிட்டாலும், உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தார். ஆளை ஒட்டிக்கொண்டு நகரவிடாமல் செய்வதில் கைதேர்ந்தவர். பையன் அவரைத் தாண்டிப் போனான், மேலாக எம்பிப் போட்டான், முதுகைக் கொடுத்துத் திரும்பிப் போட்டான். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, வெஸ்ட் போதும் என்று எழுந்துவிட்டார். இப்போது நம் அணியில் இருக்கும் எவரையும்விட இவன் மேல் என்பது அவர் கூட இருந்தவர்களிடம் சொன்னதன் சாரம்.

லேக்கர்ஸின் முறையோ வரிசையில் 24-வது. அதுவரை அவன் கிடைக்கமாட்டான். ஆகவே 13-வது முறையை வைத்திருந்த சார்லட் அணியோடு பேரம். எங்களுக்காக கோபியை எடுத்துக்கொடுங்கள், பதிலுக்கு டிவாட்ஸ். ஏழு ஆண்டுகள் தன் கண் முன்னால் வளர்ந்த, ஊரே நேசித்த ஆட்டக்காரரை, என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடாத பள்ளி மாணவனுக்காகக் கொடுப்பது! கேள்விப்பட்டதும் டிவாட்ஸ், லாஸ் ஏஞ்சலஸை விட்டுப் போவதைவிட ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்றார். அவர் ஓய்வை அறிவித்துவிட்டால் பேரம் செல்லாது. வெஸ்ட் பேசிப் பேசிச் சமாதானப்படுத்திய பிறகு ஜூலையில் காரியம் முடிந்தது. கோபிக்கு 18 வயது நிரம்பாததால், ஒப்பந்தத்தில் அப்பா அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

டிவாட்ஸைக் கொடுத்ததில் இன்னொரு லாபமும் ஒளிந்திருந்தது. அதற்கு என்.பி.ஏ.வின் சம்பள உச்சவரம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு 1984-ல் வரம்பு கட்டினார்கள். தொடக்கத்தில் 36 லட்சம் டாலர். 1996-97 பருவத்தில் அது 2 கோடியே 43 லட்சம் டாலர். இதில் ஒரு சலுகை உண்டு. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைக்க வரம்பை மீறலாம். வெளி அணியிலிருந்து ஆளைக் கூப்பிடுவதென்றால் வரம்புக்குள் காலி இடம் இருந்தாக வேண்டும். அதாவது ஆர்லாண்டோ ஷக்கீலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், வெஸ்டால் முடியாது. டிவாட்ஸின் சம்பளம் போனதில் கொஞ்சம் இடம் கிடைத்தது. அது போதாமல் ஜார்ஜ் லிஞ்ச், அந்தோனி பீலர் என்ற இருவரையும் வான்கூவர் அணிக்கு ஏறக்குறைய இனாமாகவே கொடுத்தார். ஷக்கீல் வரவில்லை என்றால் டிவாட்ஸும் இல்லை, லிஞ்சும் இல்லை, பீலரும் இல்லை. பந்தியில் மிச்சம் ஒரு சின்னப் பையன்.

அந்த நேரம் பார்த்து ஆர்லாண்டோ நகரத்துப் பத்திரிகை வாசகர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஷக்கீலுக்கு 11.5 கோடி டாலர் தகுமா என்று கேள்வி. பத்தில் ஒன்பது பேர் தகாது என்று சொன்னார்கள். ஷக்கீல் அப்போது ஒலிம்பிக் அணியோடு இருந்தார். 1996 ஜூலை 18. ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 12 கோடி டாலர் என்று லேக்கர்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வாசகர் வாக்கெடுப்பு நடத்துவதால் பத்திரிகைக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஆர்லாண்டோவை உதாரணம் காட்டலாம்.

2000, 2001, 2002. மூன்று பட்டங்கள் வரிசையாக. முதல் பட்டம் வந்ததுமே, 2000 ஆகஸ்டில், வெஸ்ட் லேக்கர்ஸிலிருந்து விலகிவிட்டார். 40 ஆண்டு உறவு. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனோடு உரசல் ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் மனசு. ஆட்டம் நடக்கும்போது அரங்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவரால் முடியாது. எழுந்து வாகன நிறுத்தத்தில் நடப்பார், அல்லது காரை எடுத்துக்கொண்டு எங்காவது ஓட்டிக்கொண்டே இருப்பார், யாராவது போன் செய்து முடிவைச் சொல்லும்வரை. ஜெயித்தால் நிம்மதி மட்டும், சந்தோஷம் கிடையாது. வாழ்நாள் முழுவதும் மன அழுத்த நோயோடு போராடியதைச் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். அந்தத் தலைமுறை விளையாட்டு வீரர்கள் பேசாத விஷயம் அது.

இப்போது பெய்லர். வெஸ்டோடு ஒரே அணியில் ஆடி, ஒரே தோல்விகளைத் தின்றவர். ஆட்டத்தில் வெஸ்டுக்கு இம்மியும் குறைந்தவர் அல்ல. 1986-ல், அதற்குள் அதே லாஸ் ஏஞ்சலஸின் இன்னொரு அணியாகிவிட்ட கிளிப்பர்ஸுக்கு நிர்வாகி ஆனார். 2008 வரை 22 ஆண்டுகள். அந்த 22 ஆண்டுகளில் கிளிப்பர்ஸ் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது நான்கே முறை.

தோல்விதான் வெஸ்டைப் பட்டை தீட்டியது என்றால், ஒரு பட்டம்கூட வெல்லாத பெய்லர் அவரைவிட ஜொலித்திருக்க வேண்டாமா? பெய்லரும் தவறுகள் செய்தார். 1998 டிராஃப்டில் முதல் ஆளாக மைக்கேல் ஒலோவோகாண்டியை எடுத்தார். டர்க் நவிட்ஸ்கி, பால் பியர்ஸ், வின்ஸ் கார்ட்டர் எல்லோரும் அவருக்குப் பின்னால் போனார்கள். ஆனால் அது மட்டும் கதை இல்லை. கிளிப்பர்ஸின் முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங். ஓர் ஆட்டக்காரர் வளர்ந்து நல்ல சம்பளம் கேட்கும் நிலைக்கு வந்தால், அவரை விட்டுவிடுவதே அந்த அணியின் வழக்கமாக இருந்தது. கறுப்பர்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு 2014-ல் அம்பலமாகி, என்.பி.ஏ. அவரை ஆயுளுக்கும் தடைசெய்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 2009-ல், பாகுபாடு காட்டியதாக பெய்லர் வழக்குப் போட்டிருந்தார். 2011-ல் ஜூரி அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

வெஸ்டுக்குக் கிடைத்த முதலாளி ஜெர்ரி பஸ். ஆசைப்பட்டால் காசை எடுத்து வைப்பவர், முக்கியமாக, ஜெனரல் மேனேஜர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்பவர். அகுயர் விஷயத்தில் கேட்டாரே. வெஸ்டின் கண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கண் வேறு, கண் பார்த்ததைச் செய்ய விடும் இடம் வேறு. பெய்லருக்கு அந்த இடம் அமையவில்லை. 2006-ல், கிளிப்பர்ஸ் அபூர்வமாக நன்றாக ஆடிய பருவத்துக்காக, ஆண்டின் சிறந்த நிர்வாகி விருது பெய்லருக்குக் கிடைத்தது. அவ்வளவுதான்.

பெரிய ஆட்டக்காரர் என்பதாலேயே ஆளை எடைபோடத் தெரிந்துவிடாது என்பதற்கு மைக்கேல் ஜோர்டானே சாட்சி. 2001-ல் வாஷிங்டன் அணியின் தலைவராக இருந்தபோது, முதல் ஆளாக குவாமே பிரவுன் என்ற பள்ளி மாணவரை எடுத்தார். பிரவுன் சோபிக்கவில்லை. ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு பள்ளி மாணவர்கள், இரண்டு மேதைகளின் கணிப்பு. ஒருவர் கோபி, மற்றவர் பிரவுன்.

2002-ல் வெஸ்ட் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணிக்குப் போனார். முந்தைய பருவத்தில் 23 வெற்றி, 59 தோல்வி. எல்லோரும் மறந்துவிட்ட, 69 வயதான ஹூபி பிரவுனைத் தொலைக்காட்சி வர்ணனையிலிருந்து பிடித்துக்கொண்டுவந்து பயிற்சியாளர் ஆக்கினார். 2003-04-ல் அந்த அணி 50 ஆட்டங்களில் வென்று முதன்முறையாக பிளே-ஆஃப் போனது. ஆண்டின் சிறந்த நிர்வாகி விருது வெஸ்டுக்கு இரண்டாவது முறையாக வந்தது.

அதற்கு நடுவே 2003 மே மாதத்தில் நடந்தது ஒரு கொடுமை. டிராஃப்ட் வரிசையைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கும் நாள். வெஸ்ட் மேடையில், தொலைக்காட்சிக் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆண்டு முதல் ஆளாகப் போகப்போகிறவர் லெப்ரான் ஜேம்ஸ் என்பது ஊரறிந்த ரகசியம். மெம்பிஸின் சிக்கல் இது: அந்த அணி வான்கூவரில் இருந்த காலத்தில், 1997-ல், ஓட்டிஸ் தோர்ப் என்ற வயதான ஆட்டக்காரரை வாங்க, தன் எதிர்கால முறை ஒன்றை டெட்ராய்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. தோர்ப் அங்கே ஒரு பருவம்கூட முழுதாக ஆடவில்லை. கடனைத் தீர்க்க வேண்டிய ஆண்டு 2003. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. குலுக்கலில் முதல் இடம் வந்தால் மெம்பிஸே வைத்துக்கொள்ளலாம்.

உறைகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மற்ற அணிகள் எல்லாம் கழிந்து கடைசியில் மிஞ்சியது கிளீவ்லாந்தும் மெம்பிஸும். முதல் இடம் வந்தால் லெப்ரான். இரண்டாவது வந்தால் ஒன்றுமே இல்லை. இரண்டாவதுதான் வந்தது. அதுவும் டெட்ராய்ட்டுக்குப் போனது, அவர்கள் அதை டார்கோ மிலிசிச்சிடம் வீணடித்தது தனிக் கதை. கேமரா வெஸ்டின் முகத்தை விட்டு நகரவே இல்லை. தான் போடாத கையெழுத்துக்கு அந்த மனிதர் அன்று வட்டி கட்டினார்.

2011-ல், 73 வயதை எட்டும் நேரத்தில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு ஆலோசகர். அந்த ஆண்டு டிராஃப்டில் 11-வது ஆளாக கிளே தாம்சனை எடுத்தார்கள். 1987-ல் வெஸ்ட் லேக்கர்ஸுக்கு வாங்கிவந்த மைக்கல் தாம்சனின் மகன். 2014-ல் கெவின் லவ் என்ற பெரிய நட்சத்திரம் விலைக்கு வந்தபோது, கிளே தாம்சனைக் கொடுத்து அவரை வாங்கலாம் என்று வாரியர்ஸ் நிர்வாகத்தில் பலமான பேச்சு. வெஸ்ட், அப்படிச் செய்தால் நான் இங்கே இருக்கமாட்டேன் என்கிற அளவுக்குப் போனார். பேரம் நின்றது. அடுத்த பருவத்திலேயே, 40 ஆண்டுகளுக்குப் பிறகு, வாரியர்ஸுக்குப் பட்டம். 28 ஆண்டு இடைவெளியில் வர்திக்கு நடந்தது அப்படியே தாம்சனுக்கும் நடந்தது, மறித்தவரும் அதே ஆள்.

2016-ல் கெவின் டுரான்ட் எந்த அணிக்குப் போவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, வெஸ்ட் போனில் பேசினார். தன் இறுதித் தொடர்த் தோல்விகளைச் சொன்னார். 78 வயதில், அந்தத் தோல்விகளை ஆள் பிடிக்கும் சரக்காக அவர் பயன்படுத்தியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. டுரான்ட் வந்தார், 2017-ல் மறுபடி பட்டம்.

அதற்குப் பிறகு லேக்கர்ஸுக்கே திரும்ப ஆசைப்பட்டார், அவர்கள் கூப்பிடவில்லை. போன இடம் கிளிப்பர்ஸ். பெய்லர் 22 ஆண்டு உழன்ற அதே அணி, ஆனால் இப்போது ஸ்டெர்லிங் இல்லை, பணத்துக்குப் பஞ்சமே இல்லாத ஸ்டீவ் பால்மர் முதலாளி. 2019-ல் அந்த அணி பால் ஜார்ஜை வாங்க, ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் என்ற இளைஞரையும் ஐந்து முதல் சுற்று முறைகளையும் ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தது. வெஸ்ட் அங்கே ஆலோசகர்தான், கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லை. இந்த முறை யாரும் மறிக்கவில்லை. கிளிப்பர்ஸ் இறுதித் தொடருக்கே போகவில்லை. ஷாய் 2025-ல் என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், ஓக்லஹோமா பட்டம் வென்றது.

அதைப் பார்க்க வெஸ்ட் இல்லை. 2024 ஜூன் 12-ல், 86 வயதில் இறந்தார். புகழ் மண்டபத்தில் 1980-ல் ஆட்டக்காரராக, 2010-ல் ஒலிம்பிக் அணியோடு, 2024-ல் நிர்வாகியாக என்று மூன்று முறை இடம் பெற்ற முதல் ஆள் அவர். பெய்லர் 2021-லேயே காலமாகிவிட்டார்.

லேக்கர்ஸின் எண்பதுகளைப் பற்றிப் பேசும்போது, கரீம் அப்துல் ஜப்பார் அந்த அணிக்கு எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. 1975-ல் அவரை விற்றவர் மில்வாக்கியின் ஜெனரல் மேனேஜர் வெய்ன் எம்ப்ரி, அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பர். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர், எனக்கு இந்த ஊர் வேண்டாம் என்று வந்து நின்றால் என்ன செய்வது? அடுத்த வாரம் மில்வாக்கிக்குப் போவோம்.

(தொடரும்)